சிவிலைசேஷன் 6: ஐந்தாம் பாகத்துப் பழக்கம் காலை வாரும் இடங்கள்

நாகரிகங்களை வளர்க்கும் கணினி வியூக விளையாட்டான சிவிலைசேஷன் 5-ஐ நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடித் தேர்ந்தவர்கள்தான், 2016-இல் வந்த ஆறாம் பாகத்தில் அதிகம் திணறுகிறார்கள். அங்கே வெற்றி தந்த உத்திகள் பல இங்கே நேரெதிராக வேலை செய்கின்றன. கீழே வரும் எண்கள் ரைஸ் அண்ட் ஃபால் (2018), கேதரிங் ஸ்டார்ம் (2019) விரிவாக்கங்கள் சேர்ந்த, ஸ்டாண்டர்டு வேக ஆட்டத்துக்கானவை.

நாலு நகரத்தோடு நிறுத்துவது

ஐந்தாம் பாகத்தில் மகிழ்ச்சி நாடு முழுவதற்கும் ஒரே கணக்கு. பிரேவ் நியூ வேர்ல்டு விரிவாக்கத்துக்குப் பிறகு, ஸ்டாண்டர்டு அளவு வரைபடத்தில் ஒவ்வொரு கூடுதல் நகரமும் ஆராய்ச்சிச் செலவை 5% ஏற்றியது. நாலு பெரிய நகரங்களோடு உட்கார்ந்துவிடுவது அங்கே கெட்டிக்காரத்தனம். ஆறில் இந்த இரண்டு தடைகளும் நீங்கிவிட்டன. இந்தப் பாகத்தின் மிகப் பெரிய முன்னேற்றம் அதுதான். 100-ஆம் டர்னுக்குள் (டர்ன் என்பது ஆட்டத்தின் ஒரு சுற்று) 8 முதல் 10 நகரங்கள் என்று இலக்கு வையுங்கள். செட்லர் (புது நகரம் நிறுவும் குடியேறி) எடுக்கும்போதெல்லாம் நகரத்தில் மக்கள்தொகை 1 குறையும், அடுத்த செட்லரின் விலையும் ஏறும். ஏர்லி எம்பயர் என்னும் சிவிக் (பண்பாட்டு முன்னேற்றம்) முடிந்த கையோடு, செட்லர் உற்பத்தியை 50% கூட்டும் கொலோனைசேஷன் கொள்கை அட்டையைப் போட்டு வரிசையாக எடுத்துவிடுங்கள்.

இடத்தேர்வில் தண்ணீரை முதலில் பாருங்கள். ஆறு, ஏரி ஓரமானால் ஹவுசிங் (மக்கள் வசிப்பிட வரம்பு) 5, கடலோரம் 3, இரண்டும் இல்லையென்றால் 2. மக்கள்தொகைக்கும் ஹவுசிங்குக்கும் உள்ள இடைவெளி 1-க்கு இறங்கினாலே வளர்ச்சி பாதியாகும். அதாவது வறண்ட இடத்தில் வைத்த நகரம் பிறந்த நாளிலிருந்தே தவழும். அக்வடக்ட் (நீர்க்கால்வாய்) கட்டினால் அங்கே 6 வரை ஏற்றலாம்.

டிஸ்ட்ரிக்ட்டைத் தள்ளிப்போடுவது

அதிகம் அடிவாங்கும் இடம் இது. ஐந்தில் நூலகமும் சந்தையும் நகரத்துக்குள்ளேயே எழும். எப்போது கட்டினாலும் விலை மாறாது. ஆறில் அவற்றுக்குத் தனித்தனி டிஸ்ட்ரிக்ட் (நகர மையத்துக்கு வெளியே ஒரு கட்டத்தில் எழும் பகுதி) வேண்டும். அதன் விலை 54 உற்பத்தியில் தொடங்கி, நீங்கள் டெக் (தொழில்நுட்ப ஆய்வு), சிவிக் முடிக்க முடிக்க ஏறிக்கொண்டே போகும். 'நகரம் கொஞ்சம் வளரட்டும்' என்று காத்திருந்தால், நகரம் வளர்வதைவிட விலை வேகமாக வளரும்.

தீர்வு எளிது. கட்டத்தைத் தேர்ந்து அடித்தளம் போட்ட அந்த நொடியே விலை உறைந்துவிடும். ஆகவே மக்கள்தொகை இடம் கொடுத்த அதே டர்னில் டிஸ்ட்ரிக்ட்டை வைத்துவிட்டு, உற்பத்தியை உடனே செட்லருக்கோ பில்டருக்கோ (நிலத்தைத் திருத்தும் தொழிலாளி) மாற்றிக்கொள்ளுங்கள்; முப்பது டர்ன் கழித்து வந்தாலும் பழைய விலைதான். முதல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு மக்கள்தொகை 1 போதும். அடுத்தவற்றுக்கு 4, 7, 10 என்று போகும். அக்வடக்ட், டேம் (அணை) இந்தக் கணக்கில் வராது.

வைக்கும் கட்டத்தில் காடு இருந்தால் முதலில் பில்டரை வைத்து வெட்டுங்கள். அப்படியே வைத்தால் காடும் போகும், வெட்டினால் வந்திருக்கும் உற்பத்தியும் போகும்.

அக்கம்பக்கத்துக் கணக்கும், அதாவது ஒட்டிய கட்டங்களால் டிஸ்ட்ரிக்ட்டுக்குக் கிடைக்கும் கூடுதல் பலனும், முக்கியம். கேம்பஸுக்கு (அறிவியல் டிஸ்ட்ரிக்ட்) ஒட்டிய ஒவ்வொரு மலைக்கும் +1, பவளப்பாறைக்கும் வெந்நீர்ப் பிளவுக்கும் +2, இரண்டு மழைக்காடுகளுக்கு +1. தொழில் மண்டலத்துக்கு அக்வடக்ட், டேம் ஒவ்வொன்றும் +2. அக்வடக்ட் நகர மையத்தை ஒட்டியே அமைய வேண்டும் என்பதால் அதற்கான கட்டத்தை முதலிலேயே ஒதுக்கி, வரைபடத்தில் பின் குத்தி வையுங்கள். பக்கத்து நகரத்தின் அக்வடக்ட்டும் அதே தொழில் மண்டலத்தைத் தொடும்படி அமைத்தால் பலன் இரட்டிப்பு. நகரங்களை நெருக்கி வைக்கச் சொல்வது இதனால்தான்: நடுவே 3 கட்டம் போதும்.

யுரேகாவுக்குக் காத்திராமல் ஆராய்வது

யுரேகா (குறிப்பிட்ட செயலைச் செய்தால் வரும் ஆராய்ச்சிச் சலுகை) கிடைத்தால் அந்த டெக்கின் செலவில் 40% கழியும். கவண் வீரனால் ஓர் எதிரியைக் கொன்றால் ஆர்ச்சரி, கல் குவாரி அமைத்தால் மேசன்ரி, மூன்று சுரங்கங்களுக்கு அப்ரென்டிஸ்ஷிப். நிபந்தனை நிறைவேறப்போகிறது என்று தெரிந்தால் ஆராய்ச்சியை 60% அளவில் நிறுத்திவிட்டு வேறொன்றுக்குத் தாவுங்கள். முழுதாக முடித்த பிறகு யுரேகா வந்து பயனில்லை.

எதிரியின் வாசலில் குடியேறுவது

ஐந்தில் இது நல்ல மிரட்டல். ஆறில் 9 கட்டத்துக்குள் உள்ள மக்கள்தொகை முழுவதும் லாயல்டி (நகரத்தின் விசுவாசம்) மீது அழுத்தம் போடுவதால், தனித்து நிற்கும் புது நகரம் சில டர்ன்களில் கலகம் செய்து பிரிந்துவிடும். செட்லரைத் தேர்ந்தெடுத்ததும் தெரியும் லாயல்டி எண்ணைப் பாருங்கள். கவர்னர் வந்தால் டர்னுக்கு +8 கிடைக்கும்.  அது சேர்ந்தும் நகரம் தாங்குமா என்று கணக்கிட்டபின் குடியேறுங்கள்.

படையை நகர்த்துவது

எரிச்சலூட்டும் மாற்றம் இது. ஐந்தில் அரை நகர்வுப் புள்ளி மிஞ்சினாலும் மேடு ஏறலாம். ஆறில் மேட்டுக்கோ காட்டுக்கோ 2 புள்ளி முழுதாகக் கையில் வேண்டும். ஆகவே முன்னேறும் பாதையைச் சமவெளியில் போடுங்கள், அல்லது எல்லை நகரத்துக்கு டிரேடரை அனுப்புங்கள். அவர் போகும் வழியில் சாலை தானாக விழும். பில்டர் சாலை போடுவார் என்று காத்திருக்க வேண்டாம்.

சுவர் உள்ள நகரத்தை வாள்வீரர்களால் மட்டும் முட்டினால் படைதான் தேயும். கூடவே பேட்டரிங் ராம் (சுவரை இடிக்கும் கருவி) ஒன்றைக் கொண்டுபோங்கள். இடைக்காலச் சுவர் எழும் முன் வேலையை முடிக்க வேண்டும், அதற்கு அப்புறம் ராம் உதவாது.

பார்பேரியன் ஒற்றனை விட்டுவிடுவது

உங்கள் நகரத்தைப் பார்த்த பார்பேரியன் (எந்த நாட்டையும் சேராத கொள்ளைக்கூட்டம்) ஸ்கவுட்டின் தலைமேல் ஆச்சரியக்குறி தோன்றும். அது முகாம் திரும்பிச் சேர்ந்தால் படை திரண்டு வரும். முதல் 15 டர்னுக்குள் ஒரு கவண் வீரனை எடுத்து, வழியை மறித்து அதை அங்கேயே முடித்துவிடுங்கள். ஆர்ச்சரி யுரேகாவும் சேர்ந்தே கிடைக்கும்.