கையடக்க கேமுக்கு பேட்டரி மாற்றுகிறீர்களா? பிளக் பொருந்தினால் மட்டும் போதாது

பல்லடத்திலிருந்து லீவுக்கு வந்த அக்கா பையன், "மாமா, பேட்டரி உப்பிப் போச்சுங்க, மாத்திக் குடுங்க" என்று கையடக்க கேம் ஒன்றை நீட்டினான். உள்ளே ஒற்றை லித்தியம் செல். அதே அளவில் புதுசு வாங்கினேன், பிளக்கும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு நொடி, கருகல் வாடை. போர்டில் கடுகளவு பாகம் ஒன்று போயே போச்சு.

தப்பு என்னுடையதுதான். அந்த இரட்டைப் பின் வெள்ளை பிளக்கில் ப்ளஸ் எந்தப் பக்கம் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. ஒருவர் இடதில் வைப்பார், இன்னொருவர் வலதில். சிவப்பு ஒயரை நம்பாமல் மல்டிமீட்டரை வைத்து, போர்டில் உள்ள ப்ளஸ் குறியோடு ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால் ஒயரை வெட்ட வேண்டியதில்லை. பிளக்கின் மேலுள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் லேசாகத் தூக்கினால் பின் நழுவி வரும். முதல் பின்னுக்கு டேப் சுற்றிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டும் உரசினால் தீப்பொறிதான். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றாலும் ஒவ்வொரு ஒயராக வெட்டுங்கள். இரண்டையும் கட்டரில் சேர்த்துப் பிடித்தால் கட்டரே ஷார்ட் செய்துவிடும்.

பென்சில் செல் போடும் பழைய கேம் பாய் கலர் வேறு கதை. அதற்கு இரண்டு செல், மொத்தம் 3 வோல்ட். சார்ஜ் செய்யும் நிக்கல் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட் என்பதால் பேட்டரி விளக்கு கொஞ்சம் சீக்கிரம் மங்கும், அவ்வளவுதான். ஆனால் 14500 என்ற லித்தியம் செல்லும் அதே உயரம், அதே தடிமன். முழு சார்ஜில் ஒன்றே 4.2 வோல்ட். இரண்டைப் போட்டால் 8.4!

சொந்தமாக கேம் செய்கிறவர்கள் டிபி4056 சார்ஜிங் போர்டை அப்படியே மாட்டுவார்கள். அது பெரும்பாலும் 1 ஆம்பியர் தள்ளும்படிதான் வரும். 500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள சின்ன செல்லுக்கு அது அதிகம். அதிலுள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 5 கிலோ ஓம் வைத்தால் 250 மில்லி ஆம்பியராகக் குறையும். மெதுவாகத்தான் ஏறும், ஏறட்டுமே.

18650 என்ற உருளை லித்தியம் செல்லில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்திருந்தால் வாங்காதீர்கள். நல்ல கம்பெனி செல்லே 3500 சுற்றித்தான் தரும். செல்லின் மேலேயே ஈயம் வைக்கவும் வேண்டாம், சூடு உள்ளே இறங்கிக் கெடுக்கும். ஸ்பாட் வெல்டிங் செய்த உலோகப் பட்டையோடு வருவதை வாங்கினால் ஒயரை அந்தப் பட்டையில் வைத்துக்கொள்ளலாம். அப்புறம், சித்திரை வெயிலில் ஈரோட்டுப் பக்கம் வண்டி டிக்கியில் கிடந்த கேமை எடுத்த சூட்டோடு சார்ஜில் போடுவது. 45 டிகிரிக்கு மேல் லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யக் கூடாது. வீட்டுக்குள் அரை மணி நேரம் ஆறட்டும்.

உப்பிய பழைய செல்லைக் குத்திப் பார்க்கலாமா என்று பையன் கேட்டான். கூடவே கூடாது என்று வாங்கிக்கொண்டேன். மின்னணுக் கழிவு எடுப்பவர் வரும் வரை, வாசலுக்கு அக்கட்டால மணல் போட்ட தகர டப்பாவில் அது கிடக்கிறது.