கம்பார், சிலிம் ரிவர்: இரண்டு போர்க்களங்களை ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் மலாயாவுக்குள் இறங்கி வந்த ஜப்பானியரை பிரிட்டிஷ்-இந்தியப் படைகள் எதிர்த்து நின்ற பேராக் மாநில ஊர்கள் இவை. கோலாலம்பூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் போதும். போகும்போது பிளஸ் நெடுஞ்சாலையில், கம்பாருக்கு வடக்கே உள்ள கோப்பெங் வரை நேராகப் போய்விடுங்கள். திரும்பும்போது பழைய கூட்டரசு சாலை 1. ஜப்பானியர் வடக்கிலிருந்துதான் இறங்கி வந்தார்கள். எதிர்த் திசையில் பார்த்தால் எந்த மேடு யாருக்குச் சாதகம் என்பது பிடிபடாது.

கம்பாரில் கிரீன் ரிட்ஜ் மேட்டில் ஏறிப் பதுங்குகுழிகளைப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் அட்டைக்கு நீண்ட காலுறை போட்டுக்கொள்ளுங்கள். கிழக்கே புஜாங் மலாக்கா மலை. மேற்கே அன்று ஈயலம்பத் (ஈயச் சுரங்கத்) திறந்தவெளி. பீரங்கிக்காரனுக்குப் பார்வை மறையாது. அதனால்தான் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை இங்கே தாக்குப்பிடிக்க முடிந்தது. ஜனவரி 2 அன்று சீக்கிய வீரர்கள் துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்து, பறிபோன குழிகளை மீட்டார்கள். பிரிட்டிஷ் படை பின்வாங்கியது முன்வரிசை உடைந்ததால் மட்டுமல்ல. தெலுக் இந்தான் பக்கம் கடல்வழியாக இறங்கிய ஜப்பானியப் படை பின்னால் சாலையை அறுக்கப் பார்த்தது.

அங்கிருந்து தாப்பா, பிடோர், சுங்காய் தாண்டி துரோலாக்; சிலிம் ரிவர் போர் தொடங்கிய இடம். இங்கே வண்டியை மெதுவாக விடுங்கள். பார்க்க வேண்டியது சாலையைத்தான். ஜனவரி 7 விடியுமுன் ஜப்பானிய அதிகாரி ஷிமாடாவின் டாங்கிகள் இதே சாலையில் பாய்ந்தன. சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் காட்டுக்குள் கிடந்தன. தடுப்பு வந்தால் டாங்கிகள் அதில் புகுந்து பின்னால் வெளிவந்தன. அக்கால வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் வளைவுகள் விளங்கும். பிரிட்டிஷ் தரப்பில் டாங்கி எதிர்ப்புக் கண்ணிகள் போதாது, தொலைபேசிக் கம்பி அறுந்து சேதியும் போகவில்லை. குளூனி தோட்டத்தருகே பிரிட்டிஷ் தரப்பின் கூர்க்காக்கள் நடைவரிசையிலேயே அகப்பட்டார்கள். சிலிம் ஆற்றுப் பாலத்தில் வெடி கட்டியிருந்தும் வெடிக்கவில்லை: ஜப்பானிய அதிகாரி வத்தனாபே கம்பியை வெட்டிவிட்டார். பாலத்துக்குத் தெற்கே ஒரு ஹவிட்சர் பீரங்கிதான் கடைசியில் டாங்கிகளைத் தடுத்தது.

மூன்று இடத்தில் குழப்பம் வரும். போர்க்காலக் குறிப்புகளில் மைல்கல் எண் இருக்கும். இன்றைய பலகைகள் கிலோமீட்டர், 1.6ஆல் பெருக்கினாலும் சாலை மாறியிருப்பதால் அப்படியே பொருந்தாது. இன்று செம்பனை நிற்கும் பல இடங்களில் அன்று ரப்பர். நேரம் இன்னும் மோசம்: ஜப்பானியர் எழுதியது தோக்கியோ நேரம், அது அன்றைய மலாயா நேரத்தைவிட ஒன்றரை மணி முந்தியது. ஒரே தாக்குதல் இரண்டு நூல்களில் இரண்டு வேளையில் நடந்ததாகத் தெரிந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.