மின்வேதியியல் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் வராந்தாவில் போகும்போது, புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் கேள்வி கேட்ட பையனை அதட்டுவது காதில் விழுந்தது. என் முதல் வருஷத்தில் நான் சொன்ன அதே வார்த்தை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பலகையைப் பார்த்தே பேசுவது, பாடத்தை ஓட்டுவது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன்.

தெரியாததைக் கோபத்தால் மூடுவது

காரைக்குடிக்கு மின்வேதியியல் ஊர்ப் பெருமை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் இங்கே திறக்கப்பட்டது. அந்த ஊரில் அதே பாடம் எடுக்கிறோம் என்ற மிடுக்கு எனக்கு இருந்தது.

துத்தநாகமும் செம்பும் மின்வாய்களாக உள்ள டேனியல் கலம் என்ற மின்கலத்தை நடத்திக்கொண்டிருந்தேன். கானாடுகாத்தானிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி எழுந்தாள். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். "சார், ஆனோடுன்னா நேர்மின்வாய்தானே? துத்தநாகத்தை ஆனோடுன்னு சொல்லிட்டு மைனஸ் போட்டிருக்கீங்களே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வயிற்றைப் பிசைந்தது. "பிளஸ் டூவில் என்னதான் படிச்சே? உட்காரு" என்றேன். நோட்டில் இருந்த மைனஸ் குறியை அவள் விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பருவம் முடியும்வரை அந்த வகுப்பில் ஒரு கை உயரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

பதில் இதுதான். ஆனோடு என்ற பெயர் வினையைப் பொறுத்தது, குறியைப் பொறுத்ததல்ல. ஆக்சிஜனேற்றம், அதாவது எலக்ட்ரான் இழப்பு, எங்கே நடக்கிறதோ அது ஆனோடு. டேனியல் கலத்தில் துத்தநாகம் கரையும்போது எலக்ட்ரான்களை விட்டுச் செல்கிறது, அதனால் மைனஸ். மின்னாற்பகுப்பில் வெளியே உள்ள பேட்டரி ஆனோடிலிருந்து எலக்ட்ரான்களை இழுக்கிறது, அதனால் பிளஸ். அவளைக் குழப்பியது 'நேர்மின்வாய்' என்ற சொல்.

பாடம் தெரிவது வேறு, அதில் மாணவர் எங்கே தடுக்குவார் என்று தெரிவது வேறு என்று அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-லேயே எழுதிவிட்டார். எனக்கு இரண்டும் போதவில்லை. அந்தப் பயம்தான் கோபமாக வெளியே வந்தது.

இப்போது வோல்ட்மீட்டரோடு போகிறேன். சிவப்பு ஒயர் செம்பில், கறுப்பு துத்தநாகத்தில்: கிட்டத்தட்ட 1.1 வோல்ட். ஒயரை மாற்றினால் அதே எண்ணுக்கு முன்னால் மைனஸ். எது மைனஸ் என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். அப்புறமும் தெரியாத கேள்வி வந்தால், "நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன்ப்பா". மறுநாள் முதல் வேலை அதுதான்.

"இது ரொம்ப ஈஸி" என்று ஆரம்பிப்பது

புரியாத பிள்ளை அதோடு வாயை மூடிக்கொள்ளும்.

என்ட்ரோப்பியை 'ஒழுங்கின்மை' என்று மட்டும் சொல்லி முடிப்பது

வேண்டாம். வெப்பம் எங்கிருந்து எங்கே பரவுகிறது என்று காட்டுங்கள்.

பத்து வருஷ நோட்ஸ்

நமக்கே சலித்துப்போனது குரலில் தெரிந்துவிடும்.