நிலத்தின் கணக்கில் விட்டுப்போகும் செலவுகள்

விதை, உரம், ஆள்கூலி, டிராக்டர் வாடகை, அறுவடை மெஷின். ஒரு போகம் முடிந்ததும் போடும் கணக்கில் இவையெல்லாம் வரும். தண்ணீரும் மண்ணும் வராது, அவற்றுக்கு யாரும் பில் கொடுப்பதில்லையே. சுற்றுச்சூழல் பொருளியல் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. கையிலிருந்து காசு போகாத செலவும் செலவுதான், அதை யாரோ ஒருவர் கட்டித்தான் ஆக வேண்டும் என்கிறது.

பெரிய தவறு, கரண்ட் இலவசம் என்பதால் தண்ணீரும் இலவசம் என்று நினைப்பது. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாய பம்புசெட்டுகளுக்கும் மின்சாரம் இலவசம். எத்தனையோ குடும்பங்களைத் தூக்கி நிறுத்திய திட்டம் அது. ஆனால் நாம் கூடுதலாக இறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பக்கத்துத் தோட்டத்தின் நீர்மட்டமும் சேர்ந்து இறங்குகிறது. அந்தத் தோட்டக்காரர் போர்வெல்லை இன்னும் ஆழமாக்குவார், அப்புறம் நாமும் ஆழமாக்குவோம். அடிக்கணக்கில் போர்வெல் கூலி, கேசிங் பைப், பெரிய மோட்டார் என்று கடன் ஏறும். முதலில் கைவிடப்படுவது போர் போட வசதியில்லாத சிறு விவசாயியின் திறந்த கிணறு. ‘நான் மிச்சம் பிடித்தால் அடுத்தவன் இறைத்துவிடுவான்’ என்ற பயமும் நியாயமானதே. அதனால்தான் இதைத் தனி ஆளின் பொறுப்பு என்று தள்ளிவிட முடியாது.

சரி, கட்டணம் போட்டுவிட்டால் தீருமா? சட்டென்று போட்டால் அடிபடுவதும் அதே சிறு விவசாயிதான். பஞ்சாபில் 2018-ல் வேறு வழியை முயன்றார்கள். விரும்பிச் சேர்ந்தவர்களின் மோட்டாருக்கு மீட்டர் வைத்து, மின்சாரத்துக்கு ஓர் அளவு நிர்ணயித்து, அதில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் கொடுத்தார்கள். இறைக்காத தண்ணீருக்கு ஒரு விலை கிடைத்தது. எனக்கு இது சரியான திசையாகவே படுகிறது.

மிச்சம் பிடிக்க வழியும் இருக்கிறது. நெல் வயலைக் காயவிட்டுப் பாய்ச்சும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறைக்குத் தேவை, ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய்தான். அதை வயலில் பதித்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே அரை அடி இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் நிற்கட்டும்.

அடுத்தது யூரியா. 45 கிலோ மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது, மணிச்சத்து உரமான டிஏபி 50 கிலோ 1,350 ரூபாய். 2010-ல் மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாஷ்) உரங்களின் மானிய முறை மாறியது; யூரியா மட்டும் பழைய விலைக் கட்டுப்பாட்டிலேயே நின்றது. விலை குறைவு என்று கை தாராளமாக வீசுகிறது. பயிர் கரும்பச்சையாகும், புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும், மருந்துச் செலவு கூடும். மீதி நைட்ரேட்டாகக் கிணற்றுக்குள் இறங்கும். எவ்வளவு உரம் தேவை என்று சொல்லும் மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு, இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்பதும் அப்படித்தான். பணம் ஒரு தடவை வரும், விளைச்சல் பல வருஷம் குறையும்.

கடைசித் தவறு, கெட்டுப்போன நிலத்துக்கு நட்டஈடு வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. பாலாற்றுப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை 1996-ல் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அதே பாலாற்றுப் பக்கம், வேலூர் மாவட்டப் பாதிப்புக்கு நட்டஈடு கொடுங்கள் என்று 2025 ஜனவரியில் நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ஆலைக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் இன்றைக்குக் கிணறு நன்றாக இருக்கும்போதே தண்ணீரைப் பரிசோதித்து, வருஷா வருஷம் அந்த ரிப்போர்ட்டைப் பட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். நாளை வழக்கு என்று வந்தால், முன்பு தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடைப்பது கஷ்டம்.