நெற்றியில் மட்டும் நிற்காத புலி வேஷம்

மகளுக்குப் புலி வேஷம் போட்டால் கன்னத்தில் பளிச்சென்று நிற்கிற ஆரஞ்சு, நெற்றியில் மட்டும் பத்தே நிமிடத்தில் திட்டுத்திட்டாகப் பிரிந்துவிடும். தண்ணீரில் குழைக்கிற வண்ணம்தான். மூன்று நாள் இதே கதை. கெட்டியாகப் பூசினேன், சிரித்தாலே வெடித்து உதிர்ந்தது. வேறு டப்பா வாங்கினேன், அதுவும் அப்படியே. அப்புறம்தான் கவனித்தேன், பிரிவதெல்லாம் முடி தொடங்கும் ஓரத்திலும் காதருகிலும். காலையில் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய், விளையாடி வியர்க்கும்போது நெற்றிக்கு இறங்கியிருக்கிறது. எண்ணெய் மேல் தண்ணீர் வண்ணம் எப்படி ஒட்டும்? சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் நெற்றியைத் துடைத்து, வெறும் தண்ணீரால் இன்னொரு முறை துடைத்து ஈரத்தை ஒற்றி எடுத்து, முடியைப் பின்னுக்குக் கட்டினேன். ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று, கடைசியில் கறுப்புக் கோடுகள். அப்பாடா! சாயங்காலம் வரை கட்டிலுக்கு அடியில் உறுமிக்கொண்டே இருந்தாள், ஒரு கோடும் கலையவில்லை.