வெளிப்புறத் தூசியில் நுண்ணுயிர் தேடுபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

வெளியே படிந்த தூசியைத் துடைத்தெடுத்து ஆராயக் கிளம்புகிறவர்கள் முதலில் சறுக்குவது வானிலையையும் காலநிலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான். நேற்று மழை பெய்தது, அதனால் இந்தப் பூஞ்சை வந்தது என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் கதவு நிலையின் மேல்விளிம்பில் கிடக்கும் தூசி நேற்று வந்ததில்லையே, மாதக்கணக்காகச் சேர்ந்தது. 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, சுமார் 1,200 வீடுகளில் வெளிவாசல் நிலையின் மேல்விளிம்பிலிருந்தே தூசியை எடுத்தது. அந்த இடத்தை யாரும் துடைப்பதில்லை என்பதுதான் அதன் வசதி. ஊருக்கு ஊர் நுண்ணுயிர்க் கூட்டம் மாறியபோது அதோடு சேர்ந்து மாறியவை, நீண்டகாலச் சராசரி வெப்பமும் மழையும், மண்ணின் பிஎச் அளவும் (மண் எவ்வளவு அமிலம் அல்லது காரம் என்பது). எனவே மாதிரி எடுத்த நாளின் வெப்பநிலையை மட்டும் குறித்துக்கொண்டு வராதீர்கள்.

அடுத்தது, வறண்ட இடத்துத் தூசியில் என்ன இருக்கப்போகிறது என்ற அலட்சியம். பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் தடித்த உறைக்குள் உறங்கும் வித்தாக மாறி வறட்சியைக் கடந்துவிடும். ஆல்டர்நேரியா, கிளாடோஸ்போரியம் என்ற இரு பூஞ்சைகளின் வித்துகள் காய்ந்த காற்றில்தான் நன்றாகப் பறக்கும். வித்தைப் பீய்ச்சியடிக்க ஈரம் தேவைப்படும் பூஞ்சைகள் வேறு ரகம். காக்சிடியாய்டிஸ் கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவின் தென்மேற்கு மண்ணில் வாழும் இந்தப் பூஞ்சை மழையில் வளர்ந்து, பிறகு காய்ந்து துண்டு துண்டாக உடைந்து தூசியோடு கிளம்புகிறது, சுவாசித்தவருக்குப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்ற நுரையீரல் நோய் வரலாம். மழை எவ்வளவு என்பதோடு, மழை, வறட்சி இரண்டில் எது முன்னே எது பின்னே என்பதும் முக்கியம். ஆண்டு மொத்த மழையளவை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

மழையின் மேல் எல்லாப் பழியையும் போடுவதும் தவறு. அதிக மழை பெய்யும் இடங்களில் கால்சியம் போன்றவை கரைந்து போய் மண் அமிலமாகும், செடிகொடிகளும் மாறும். நீங்கள் மழையின் விளைவு என்று நினைப்பது அமில மண்ணின் விளைவாகக்கூட இருக்கலாம்.

அப்புறம், டிஎன்ஏ கிடைத்துவிட்டால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை, செத்த செல்லின் டிஎன்ஏவும் தூசியில் தங்கும். தூசியை ஈரத்தோடு பையில் போட்டு அறை வெப்பத்தில் விட்டால் வழியிலேயே பூஞ்சை வளர்ந்து, உங்கள் பையின் காலநிலையைத்தான் அளப்பீர்கள். எதையும் தொடாத வெற்றுப் பஞ்சுக்குச்சி ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள், அதிலும் அதே பாக்டீரியா வந்தால் சந்தேகப்பட வேண்டியது தூசியை இல்லை, குச்சியையோ கையாண்ட விதத்தையோதான்.