ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையின் கோடை வாசிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு நம் காவிரி டெல்டாவில் பல வீடுகளில் நடப்பது இதுதான். பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து ஒன்பதாம் வகுப்புப் பழைய பாடப் புத்தகங்களை வாங்கி வந்து, "லீவுல சும்மாதானே இருக்கே, இதைப் படி" என்று கையில் கொடுத்துவிடுகிறோம். பள்ளி திறந்ததும் அதே பாடத்தை ஆசிரியர் நடத்தத்தான் போகிறார். ஒன்பது, பத்து, அப்புறம் பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று நான்கு வருடம் பாடத்தோடுதான் ஓடும். மார்க்குக்காக இல்லாமல் எதையாவது நிதானமாகப் படிக்க அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் மாதம் இந்த மே. அதையும் பாடத்துக்கே கொடுத்துவிட வேண்டாம்.

வாசிப்பில் அக்கறை உள்ள வீடுகளில் நடக்கும் தவறு வேறு. மாமாவோ பெரியப்பாவோ 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் மொத்தமாக வாங்கிக் கொடுப்பார். நம் ஊர்க் கதை, நல்ல கதை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதுவரை முழுதாக ஒரு நாவல்கூடப் படிக்காத பிள்ளை அந்த அடுக்கைப் பார்த்ததும் மலைத்துப் போகும். அந்தக் கதை 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. அத்தியாயம் முடியும் இடத்தில், அடுத்து என்ன ஆகுமோ என்ற தவிப்பில் நிறுத்தும்படி எழுதப்பட்டது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பதுதான் பொருத்தம். முதல் பாகம் 'புது வெள்ளம்' மட்டும் வாங்குங்கள். அதில் 57 அத்தியாயங்கள். நாளைக்கு இரண்டு என்றால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அடுத்த பாகத்தைப் பிள்ளையே கேட்கட்டும்.

ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு கதை தொடங்குகிறது. குந்தவை இருக்கும் பழையாறை கும்பகோணத்துக்குப் பக்கத்தில், பட்டீஸ்வரத்தை ஒட்டி இருக்கிறது. கதையில் அந்த ஊர் வந்ததும் ஒரு நாள் அங்கே அழைத்துப் போய்விட்டு வாருங்கள். எது வரலாறு, எது கற்பனை என்ற பாடத்தை அப்போதே தொடங்கிவிடக் கூடாது; பிள்ளை கேட்கும்போது சொன்னால் போதும். பத்து அத்தியாயம் படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். "காசு போட்டு வாங்கினது, முடிச்சுட்டுத்தான் எழுந்திருக்கணும்" என்று நெருக்கினால் அந்தப் புத்தகத்தோடு சேர்த்து மற்ற புத்தகங்களும் கசந்துபோகும்.

தொடங்குவதற்குச் சிறுகதைதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஒரே உட்காரலில் முடிந்துவிடும், முடித்தோம் என்ற நிறைவும் உடனே கிடைக்கும். கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்', 'அன்பளிப்பு' இரண்டிலும் பிள்ளைகள்தான் முக்கியப் பாத்திரங்கள். தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' மாயவரம் போகும் ரயிலில் நடக்கிறது. ஒரு சிறுவன் தன் ஆரஞ்சுப் பழத்தை, வீட்டு வேலைக்குப் போகும் சிறுமிக்குக் கொடுக்கிறான். 'முள்முடி' ஓய்வு பெறும் ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றியது. உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையும் பிள்ளை அதைப் படித்தால் வகுப்பில் ஒருவனை ஒதுக்கிவைப்பது என்றால் என்ன என்று யாரும் சொல்லாமலே புரியும். ஆனால் நம்ம ஊர் எழுத்தாளர் என்ற பெருமையில் ஜானகிராமனின் 'மோகமுள்' நாவலை இப்போதே கொடுத்துவிடாதீர்கள். கும்பகோணம் வருகிறது என்பதற்காக அது பதினான்கு வயதுக்கான நூலாகிவிடாது.

புத்தகத்தை எப்போதும் பெரியவர்களே தேர்ந்தெடுப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். அவர் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் போனது. இப்படிப்பட்ட மண்ணில், கிளை நூலகத்துக்கு அப்பா மட்டும் போய், தனக்குப் பிடித்த தன்னம்பிக்கைப் புத்தகத்தை எடுத்து வந்து மகனிடம் நீட்டுகிறார். பிள்ளையைக் கூடவே அழைத்துப் போங்கள், அவர்கள் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். சிறுவர் பகுதியோடு நிற்காமல் எல்லா அலமாரியையும் பார்க்கட்டும். கிரிக்கெட், பாம்புகள், விண்வெளி, காமிக்ஸ் எதை எடுத்தாலும் அது வாசிப்புதான். கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்த ராமானுஜனுக்குப் பதினாறு வயது வாக்கில் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு அவருடைய பள்ளிப் பாடமல்ல. உங்கள் பிள்ளை மேதையாக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தப் புத்தகம் யாருக்கு ஒட்டும் என்பதை முன்கூட்டியே யாரும் சொல்லிவிட முடியாது.

வீட்டில் மகனும் மகளும் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். லீவு விட்டதும் பாத்திரம், தண்ணீர், தம்பியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் மகள் தலையில் விழுகிறது. அவள் புத்தகத்தை எடுத்ததும் ஏதாவது வேலை சொல்லிக் கூப்பிடுகிறோம். அவளுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்காமல், அவளுக்கு வாசிப்பில் ஆர்வமே இல்லை என்று சொல்வது நியாயமில்லை. நூலகம் தூரம் என்றால் யாராவது கூட்டிப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் வளரட்டும் என்று தடித்த ஆங்கில நாவலை வாங்கிக் கொடுத்து, தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்க்கச் சொல்வது பலன் தராது. பாடப் புத்தகத்தைவிட ஒரு படி எளிதான ஆங்கிலம்தான் ஓடும். ரஸ்கின் பாண்டின் சிறுகதைகள், பழகியபின் 1935இல் வெளிவந்த ஆர். கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'. ஆங்கில வழியில் படித்துத் தமிழில் எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு நேர்மாறான உதவி தேவை: முதல் இரண்டு பக்கத்தை நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள், மீதியை அவர்கள் படிக்கட்டும்.

படித்ததும் கதைச் சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள், அது வீட்டுப்பாடம். சாப்பிடும்போது "அவன் ஏன் அப்படிப் பண்ணான்?" என்று ஒரு கேள்வி போதும். நேரமும் முக்கியம். அக்கினி நட்சத்திர வெயிலில் மத்தியானம் ஆற்று மணலில் விளையாட முடியாது, அப்போது படிக்கலாம். சாயங்காலம் மட்டையோடு கிளம்பும் பிள்ளையை "இன்னும் பத்துப் பக்கம்" என்று உட்கார வைக்க வேண்டாம்.

புத்தகம் வாங்க வசதி இல்லை என்றால், நாட்டுடைமையான பல நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அதைப் போனில் இறக்கிப் பிள்ளை கையில் போனைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் ரீல்ஸ் பக்கம் போய்விடும். வேண்டிய பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்துக் கொடுங்கள்.